பதினோராவது ஓட்டை

ஒலிபெருக்கியில் மேஜர் முழங்குவது குழிக்குள்ளும் கேட்டது.

"ரெண்டு போர் பார்த்த துப்பாக்கிங்க இது! முந்நூறு கெஜத்துல ஒரு ஈ உட்கார்ந்திருந்தா, ஈயை மட்டும் எடுக்கும்!"

துப்பாக்கிக் கழகத்தின் ஆண்டு விழாவில் மேஜர் பத்துத் தோட்டா சுடுவார். மண்மேட்டுக்குப் பின்னால் குழியில் நின்று, குறி அட்டையை இறக்கிப் பார்த்து, ஏற்றிக் காட்டுவது குழிக்காரரின் வேலை.

முன்பிருந்த குழிக்காரர் உள்ளதை உள்ளபடி காட்டினார்: பத்துக்குப் பூஜ்யம். கண்பார்வை சரியில்லை என்று மறுவாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவருக்குக் கண் நன்றாகவே தெரியும். கட்டிக்கொடுக்க இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

முதல் வெடி. வலப்பக்கம் எங்கோ மண் சிதறியது.

அட்டையை இறக்கினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நடுவட்டத்தில் ஒரு குத்து. ஏற்றினார். அந்தப் பக்கம் கைதட்டல்.

அந்தக் காலத்துத் தோட்டாவும் இந்தக் காலத்துப் பென்சிலும் ஏறக்குறைய ஒரே பருமன்.

ஒன்பது வருடமாக இப்படித்தான். குழலின் உட்புறம் தேய்ந்து வழவழத்துவிட்டதால் தோட்டா தன் இஷ்டத்துக்குப் போகும். போன வருடம் கழகத்தின் பெயர்ப்பலகைக்குப் போனது.

பத்தும் முடிந்தது. குழியின் தொலைபேசி அலறியது. சிறப்பு விருந்தினர் அட்டையை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாராம். மேஜரே அழைத்து வருகிறாராம்.

குழிக்காரர் எதற்கும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

பதினொன்று.

மறுபடி எண்ணினார். அதே பதினொன்று.

பத்து ஓட்டைகள் நடுவட்டத்தில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. இன்னொன்று தன்னந்தனியாக, அட்டையின் ஓரத்தில். அதைச் சுற்றி மட்டும் தோட்டா துளைத்த கரியின் ஒரு கருவளையம். ஒன்பது வருடத்தில் வழி தவறி அட்டைக்கே வந்துவிட்ட முதல் தோட்டா.

மேட்டில் பூட்ஸ் சத்தம்.

குழிக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்தார். பசை தடவினார். ஓரத்து ஓட்டையின் மேல் ஒட்டி அழுத்தினார்.

விருந்தினர் நடுவட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். மேஜரின் விரல் ஈரக் காகிதத்தில் போய் நின்றது.

"இது என்னய்யா, ஓரத்துல?"

"காலையில எவனோ கத்துக்குட்டி சுட்டதுங்கய்யா."

மேஜரின் முகத்தில் இரக்கம் படர்ந்தது.

"அந்தப் பயலை என்கிட்ட அனுப்பு. நான் சொல்லித் தர்றேன்."