நண்டுக் கொக்கி

"அந்த நிறுவனத்துக்காரர் வாறதுக்கு முந்தியே இது உங்களிட்டை இருந்தது எண்டதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கோ, அக்கா?"

சட்டத்தரணி வசந்தினி கேட்டதும் ஜெசிதா மேசையைப் பார்த்தாள். அவள் செய்த கொக்கி அதில் கிடந்தது. பழைய சைக்கிள் கம்பியை வளைத்து, ரப்பர் குழாயில் பிடி போட்டது. வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றிவிடும், வலையும் கிழியாது.

கண்டுபிடிப்பாளர் என்று பெயர் எடுக்க அவள் ஆசைப்பட்டதே இல்லை. நண்டு கடித்தும் வலையின் நைலோன் நரம்பு அறுத்தும் கணவன் டினேஸின் விரல்கள் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் செய்தது. அவன் ஒருவனுக்காக.

இப்போது சாட்சி சொல்ல அவன் உயிரோடு இல்லை.

அவன் போனபின் கொக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கொழும்பிலிருந்து வந்த நிறுவனக்காரருக்கு வாயெல்லாம் தேன். பதிவு செய்து தருவோம், வெளிநாட்டுக்கு அனுப்புவோம், உங்கள் கணவரின் பெயரையே இதற்கு வைப்போம் என்றார்கள். முதல் இரண்டுக்கும் அசையாதவள் மூன்றாவதில் விழுந்தாள். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இன்று அதே கொக்கி நீலப் பிடியோடு கடைகளில் தொங்குகிறது. பதிவு அந்த நிறுவனத்தின் பெயரில். இனி நீ செய்து விற்றால் வழக்கு என்று அவளுக்கே எச்சரிக்கை வேறு. திருட வந்தவன் வீட்டுக்காரியை வெளியே போகச் சொன்ன கதைதான்.

வசந்தினி பொறுமையாக விளக்கினாள். கண்டுபிடித்தவருக்குத்தான் உரிமை, ஏமாற்றி வாங்கிய கையெழுத்து அதை மாற்றாது. மற்றவருடையதைத் தன்னுடையது என்று பதிந்தால் நீதிமன்றத்தில் அதை உடைக்கலாம். ஆனால் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. ஒரு படமாவது வேண்டும்.

படமா? வலைக்குள் கையை விட்டு நண்டோடு மல்லுக்கட்டுகிறவனைப் பார்த்து யார் கமராவைத் தூக்கி, சிரி என்பார்கள்?

ஜெசிதா கொக்கியை மேசையில் தள்ளி வைத்தாள்.

"ஒரு வீடியோ கிடக்கு, மிஸ். கனடாவிலை இருக்கிற அவரின்ரை அண்ணைக்கெண்டு எடுத்தது. நான் இன்னும் பாக்கேல்லை."

யூடியூபில் இருந்தது. வசந்தினி கணினியில் போட்டாள்.

பந்தல். வாடகைக் கதிரைகள். குருநகர் சனம் முழுக்க அங்கேதான் நின்றது. சுவாமியார் செபம் சொல்லி முடித்ததும் கமரா மெல்லச் சவப்பெட்டிக்குக் கிட்டே போனது. நெஞ்சின் மேல் கோத்து வைத்த கைகள், செபமாலை, அதோடு சேர்த்து ஜெசிதா அன்று வைத்துவிட்ட கொக்கி.

வசந்தினி படத்தை நிறுத்தினாள். கொக்கியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். திகதியைப் பார்த்தாள். நிறுவனக்காரர் வந்ததற்கு மாதக்கணக்கில் முந்தியது. அவள் முகத்தில் சந்தோசம் தாங்கவில்லை. இது ஒன்றே போதும், இனி அவர்களின் பதிவு நிற்காது, நீங்கள் பயப்படாமல் செய்யலாம் என்றாள்.

ஜெசிதா தலையாட்டினாள். அவள் கண் கொக்கியில் இல்லை.

அன்று பெட்டியை மூடப்போன நேரத்தில் மயங்கி விழுந்தவளை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண் விழித்தபோது ஆட்கள் சேமக்காலையில் அடக்கம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அந்த முகத்தை ஊர் பார்த்தது, கனடா பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

"நிப்பாட்டாதேங்கோ, மிஸ்," என்றாள். "பெட்டி மூடுமட்டும் ஓடட்டும்."