எல்லை தாண்டாத கவர்னர்

நவம்பர் மழையில் நனைந்துகொண்டே முப்பத்தேழாவது வீட்டின் கதவைத் தட்டினாள் ஆர்லீன். கதவைத் திறந்த பெரியவர் ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். வாசலில் சொட்டச் சொட்ட நின்றது கவர்னரின் மனைவி.

"அடடே, நீங்களா! எதுக்கும்மா இந்த மழையில? உங்க வீட்டுக்காரருக்குத்தான் ஓட்டுன்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு."

"அவருக்குப் போடாட்டாலும் போகுது. துணை கவர்னருக்கு க்ளாரிஸ் நிக்கறாங்க. அவங்களுக்கு மட்டும் மறக்காம போட்டுடுங்க" என்று ஒரு நோட்டீஸை அவர் கையில் திணித்துவிட்டு முப்பத்தெட்டாவது வீட்டுக்கு நடந்தாள்.

ராய்ஸ் மறுபடி கவர்னராவதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரை எதிர்த்து நிற்பவரின் பெயர் அந்த மனிதரின் சொந்தக் கட்சிக்கே சட்டென்று ஞாபகம் வராது. இழுபறியெல்லாம் துணை கவர்னர் பதவிக்குத்தான். அதற்குத் தனி ஓட்டு.

உண்மையில் ஆர்லீனுக்கு அரசியல் என்றாலே கொட்டாவி வரும். அவள் ஆசையெல்லாம் அரிசோனாவில் இருக்கும் அக்கா நார்மாவைப் புருஷனோடு போய்ப் பார்ப்பது. அது நாலு வருஷமாக நடக்கவில்லை. கவர்னர் மாநில எல்லையைத் தாண்டினால், அவர் திரும்பி வரும் வரை துணை கவர்னர்தான் கவர்னர். அந்த மாநிலத்துச் சட்டம் அப்படி. இப்போதிருக்கும் துணை கவர்னர் பிங்காமோ எதிர்க்கட்சி ஆள். க்ளாரிஸை எதிர்த்து மறுபடி நிற்பதும் அவர்தான்.

ஒருமுறை ஏதோ கூட்டமென்று ராய்ஸ் ஒரே ஒரு மத்தியானம் பக்கத்து மாநிலத்துக்குப் போய் வந்தார். அதற்குள் பிங்காம் தன் மச்சானை மீன்வள வாரியத்துக்குத் தலைவராக்கிவிட்டார்.

"பார்த்தியா ஆர்லீன்? அரை நாளுக்கே இந்தக் கூத்து. ஒரு வாரம் போனா மாநிலத்தையே கூறு போட்டு வித்துடுவான்!" என்று அன்று மேசையைக் குத்திய ராய்ஸ், அதன் பிறகு எல்லைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வரும் பிப்ரவரியில் நார்மாவுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் நிறைகிறது.

"சகலை எப்ப வருவார்னு அக்கா வீட்டுக்காரர் டெல்பர்ட் வழி பார்த்துக்கிட்டு இருக்காராம். வேன்ல ஊர் சுத்தின போட்டோவையெல்லாம் ஆல்பம் போட்டு வெச்சிருக்காராம். மொத்தம் பதினேழு ஆல்பம். ஒவ்வொண்ணா பக்கத்துல உக்காந்து விளக்கணுமாம்" என்றாள் ஆர்லீன்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? எல்லாம் அந்தப் பாழாப்போன பிங்காமால வந்தது" என்று பெருமூச்சு விட்டார் ராய்ஸ்.

அந்தப் பெருமூச்சுதான் ஆர்லீனைத் தெருவில் இறக்கியது. பிங்காமை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

ராய்ஸுக்கோ வாயில் சனி. பால் பண்ணைக்காரர்கள் சங்கத்தின் காலை விருந்தில் நானூறு பேர் பான்கேக்கில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் க்ளாரிஸை மேடையேற்றி அறிமுகப்படுத்தினார்.

"இந்தம்மாவோட கட்டுப்பாடு யாருக்கும் வராது. பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எதையும் கையால தொட மாட்டாங்க. மனுஷ உடம்புக்கே அது ஆகாதும்பாங்க!"

நானூறு கத்திகள் அந்தரத்தில் நின்றன. க்ளாரிஸின் முகம் வெளிறிப்போனது. இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்த ராய்ஸின் காலை ஆர்லீன் மேசைக்கு அடியில் ஓங்கி மிதித்தாள்.

"உனக்கு மூளை இருக்கா ராய்ஸ்? இங்க உக்காந்திருக்கிறது அத்தனை பேரும் மாட்டுக்காரங்க!"

"பாராட்டித்தானே பேசினேன்?" என்று அவர் பச்சைக் குழந்தையாக விழித்தார்.

அந்த ஒரு பேச்சில் போன ஓட்டுகளை மீட்க, மூன்று வாரமாகப் பண்ணை பண்ணையாக, வீடு வீடாக ஏறி இறங்கினாள் ஆர்லீன். போன இடத்திலெல்லாம் க்ளாரிஸ் சார்பில் ஒரு டம்ளர் பாலையும் குடித்துக் காட்டினாள். வயிறு என்ன பாடுபட்டதோ, அது அவளுக்குத்தான் தெரியும்.

பாடு வீண்போகவில்லை. தேர்தல் முடிந்த மறுநாள் காலை கடைசி மாவட்டத்து முடிவும் வந்தபோது க்ளாரிஸ் ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்திருந்தாள். ஆர்லீன் டிவி முன்னால் துள்ளிக் குதித்தாள்.

திரும்பிப் பார்த்தால் ராய்ஸின் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு மனசு இளகிவிட்டது. பாவம், இத்தனை வருஷமாக இந்த மனுஷனும் எவ்வளவு ஏங்கியிருக்கிறார்!

"பிப்ரவரிக்கு டிக்கெட் போட்டாச்சு. ஒரு வாரமில்ல ராய்ஸ், பதினஞ்சு நாள்!"

"பதி... பதினஞ்சா?" அவர் எழுந்தார். "இரு, முகத்தைக் கழுவிட்டு வரேன்."

அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதும் மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. திரையில் 'பல் டாக்டர்' என்று வந்தது. அப்புறம் கூப்பிடச் சொல்லலாமென்று ஆர்லீன் எடுத்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வந்துவிட்டது. நாலு வருஷமாக டிவியில் தன் புருஷனைத் திட்டித் தீர்த்த அதே குரல். பிங்காமின் குரல்.

"மன்னிச்சுக்கோ ராய்ஸ், இனிமே உன் சகலைகிட்டேருந்து உன்னைக் காப்பாத்த என்னால முடியாது."