கோதண்டத்தின் கையெழுத்து

1943, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை. திருத்தணி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் எல்லம்மாள் ஓர் இளைஞனோடு வந்து நின்றாள்.

“எம் புள்ள கோதண்டம். ரங்கூன்லருந்து வந்துட்டான். இவன் தங்கச்சி கல்யாணத்துக்கு செத்துப்போன அப்பன் இவனுக்கு விட்டுட்டுப் போன கழனிய விக்கணும். எழுதுங்க.”

பத்திரம் எழுதும் பரசுராமன் பேனாவை எடுக்கவில்லை. ரங்கூன் போகக் கோதண்டத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவர் அவர். இவன் அவனில்லை.

எல்லம்மாளைத் தனியே அழைத்தார்.

“யாரும்மா உன்ன மெரட்டறது? கழனி வாங்கறவனா?”

“யாரும் மெரட்டலீங்க. இது மலைக்குக் காவடி எடுத்துகினு வந்த புள்ள. நான்தான் கெஞ்சிக் கூட்டியாந்தேன்.”

“பொய்க் கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவீங்க. ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி ரங்கூன்லருந்து நடந்து வர்ற வழியில கோதண்டம் செத்தத, கூட வந்தவனே பாத்திருக்கான். அதச் சொல்லி நீ ஒரு கைநாட்டு வெச்சா போதும். கழனி உன் பேருக்கு வந்துடும். ஒரு தப்பும் இல்ல.”

எல்லம்மாள் கட்டை விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு அவன் வந்து, ‘என்னச் சாவடிச்சிட்டியாம்மா’ன்னு கேட்டா, நான் என்னாங்க சொல்றது?”