சனிக்கிழமைக் குளியல்

அந்த ஆள் வெறுங்காலோடு பனியில் நின்றுகொண்டிருந்தான்.

முழங்காலுக்குக் கீழே துணியில்லை. மேலே மட்டும் ரோமக் கழுத்து வைத்த ஜெர்மன் அதிகாரியின் மேல்கோட்டு. குளியல் குடிசையின் கதவில் முதுகைச் சாய்த்து, கால்களை அகட்டி ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

விறகுக் குவியலுக்குப் பின்னால் படுத்திருந்த எங்கள் மூன்று பேருக்கும் பார்த்ததுமே விளங்கிவிட்டது. நீராவியில் வெந்தவன் உடம்பை ஆற்றிக்கொள்ள வெளியே வந்திருக்கிறான். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூட இதைத்தான் செய்யும்.

"பாரேன், ஜெர்மன்காரனும் நம்ம குளியலுக்குப் பழகிட்டான்," என்று தீகோன் என் காதில் கிசுகிசுத்தான். சைபீரியாக்காரன். சாவு வீட்டிலும் சிரிப்புக் காட்டுவான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் வேலை வேவு. எதிரியில் ஒருவனை உயிரோடு பிடித்து வந்து பேச வைக்க வேண்டும். அப்படிப் பிடிபடுகிறவனுக்கு எங்களிடம் 'நாக்கு' என்று பேர். லோவத் ஆற்றை இரண்டு முறை தாண்டி வந்து இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தோம். மறுபடியும் அப்படிப் போனால் லெப்டினன்ட் கோர்னேவைத் தண்டனைப் படைக்கு அனுப்புவதாகக் கர்னல் சொல்லிவிட்டார். கண்ணிவெடி வயலில் முதலில் நடக்க விடுகிற படை அது. கோர்னேவுக்கு இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவரை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

குடிசைக்குள்ளிருந்து தொப் தொப்பென்று சத்தம் வந்தது. நீராவிக் குளியலின் வழக்கப்படி பிர்ச் மர இலைக் கொத்தால் ஒருவன் முதுகை ஒருவன் விளாசிக்கொள்கிறார்கள்.

"அடிச்சுக்கட்டும், நல்லா அடிச்சுக்கட்டும்," என்றான் தீகோன்.

என் மறுபக்கம் படுத்திருந்த லெப்டினன்ட் கையை அசைத்தார்.

பாய்ந்தோம். பனிப்புயல் எங்கள் கட்சி. தெருமுனைக் காவல்காரனுக்குத் தன் மூக்கே தெரிந்திருக்காது. நான் கால்களை வாரினேன். கத்துவதற்கு முன் தீகோன் அவன் வாயில் கையுறையைத் திணித்தான்.

என்ன பலம் அவனுக்கு! ஓடப் பார்க்கவில்லை. எங்களை அடிக்கக்கூடப் பார்க்கவில்லை. திரும்பத் திரும்பக் கதவை நோக்கியே பாய்ந்தான். உள்ளே துப்பாக்கி வைத்திருக்கிறான் போல என்று நினைத்தோம். தீகோன் பிடரியில் ஒன்று வைத்த பிறகுதான் அடங்கினான்.

சறுக்குப் பலகையில் கட்டி, உறைந்த ஆற்றின் மேல் இழுத்துக்கொண்டு ஓடினோம். பின்னாலிருந்து ஒரு குண்டு வரவில்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. லெப்டினன்ட் பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போலத் தொப்பியை மேலே வீசிப் பிடித்தார். அவர் பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் எனக்குக் குளிரே தெரியவில்லை.

பதுங்குகுழியில் அடுப்புப் பக்கமாக உட்கார வைத்து, அவன் வாயிலிருந்த கையுறையை உருவினேன்.

"நாசமாப் போறவனுங்களா!" என்று கத்தினான்.

சுத்தமான ருஷ்யன். அதுவும் எங்கள் பக்கத்து மாவட்டத்து இழுப்பு.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்து சேர்ந்தது. லெப்டினன்டின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யார் நீ?"

"எர்மொலாய். அங்க குளியலுக்கு அடுப்பு மூட்டறவன். கங்கு அணையறதுக்கு முன்னாடியே புகைபோக்கிய அடைச்சுட்டு, உள்ள வெக்கையில அரைத்துணியோட இருந்தவன் அவனுங்க மேல்கோட்டையே எடுத்து மாட்டிக்கிட்டு, கதவை முதுகால முட்டுக் குடுத்து நின்னேன்டா! என்னப் போயி தூக்கிட்டு வந்திருக்கீங்களே, பாவிங்களா!"

கங்கு சிவப்பாக இருக்கும்போது புகைபோக்கியை அடைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நச்சுக் காற்றுக்கு வாசனை கிடையாது. முதலில் தலை வலிக்கும், பிறகு கால் துவளும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கள் பக்கம் யாராவது ஒரு வீட்டில் இப்படிப் போவார்கள்.

நாங்கள் கேட்டது இலைக் கொத்தின் சத்தம் இல்லை. கதவை இடித்த சத்தம்.

எர்மொலாய் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நீங்க என்னத் தூக்கினப்புறம் அந்தக் கதவு தொறந்துச்சா?"

தீகோன்தான் கடைசி ஆளாக, பின்னால் பார்த்தபடியே வந்தவன். அவன் சிரிக்காமல் பேசி அன்றுதான் கேட்டேன். "இல்ல பெரியவரே. குடிசை புயல்ல மறையற வரைக்கும் பாத்தேன். யாரும் வெளிய வரல."

லெப்டினன்ட் தொலைபேசியின் மேல் விழாத குறையாகப் பாய்ந்தார்.

"தோழர் கர்னல்! நாக்கு கெடைக்கல. ஆனா அக்கரையில உத்தரவு போட இப்ப ஒரு ஆளு இல்ல. உடனே ஆத்தைத் தாண்டணும், இப்பவே! நான் சொல்றது பொய்யாப் போச்சுன்னா என்னைத் தண்டனைப் படைக்கு அனுப்புங்க!"

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். லெப்டினன்ட் எர்மொலாயிடம் திரும்பினார். "உள்ள எத்தனை பேரு?"

"அதிகாரிங்க ஒம்பது பேரு. சனிக்கிழமைன்னா மொத்தமா வருவானுங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்புறம் எங்க ஸ்தெபான். என் தம்பி. ஆவி எழும்பத் தண்ணி ஊத்த ஒருத்தன் உள்ள இருக்கணுமில்ல? இல்லேன்னா சந்தேகப்பட்டிருப்பானுங்க."

லெப்டினன்ட் ஒரு கணம் அவரையே பார்த்தார்.

"ஒம்பது பேர், தோழர் கர்னல்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வண்டிகள் உறுமின. அக்கரைக்குப் போகப் படை முழுக்கக் கூச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. நானும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நாங்கள் பிடித்தபோது எர்மொலாய் கதவை நோக்கிப் பாய்ந்தது அதை அடைத்துப் பிடிக்கவா, திறந்துவிடவா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.