தறி ஓய்ந்த நேரம்

கல்யாண வீடியோவைச் சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில், யோகலட்சுமி காலையில்தான் கம்ப்யூட்டர் பிராசஸரின் வேகத்தை ஒரு படி கூட்டியிருக்கிறாள். இப்போது திரையின் மூலையில் சூடு எண்பத்தெட்டு டிகிரி காட்டுகிறது. பக்கத்து வீட்டு விசைத்தறிகள் சுவரை உதறுகின்றன. மேஜையில் ஆறிப்போன டீயின் ஆடை நடுங்குகிறது. வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டாள். ஆனாலும் எண் தொண்ணூறைத் தாண்டுகிறது. “ஏட்டி, அணைச்சிரு!” தறிச் சத்தத்துக்கு மேலே கத்துகிறான் புருஷன் செல்லச்சாமி. “பாதியில அணைச்சா எல்லாம் அழிஞ்சாலும் அழிஞ்சிரும். அந்தக் கல்யாணப் பிள்ளைக்குத் தாலி கட்டுனது இதுக்குள்ள மட்டுந்தாங்க இருக்கு!” “உள்ள ஃபேன் ஓடுதா?” “ஓடாமலா இருக்கும்?” இந்தத் தெருவில் யாரும் காதை நம்பி எதையும் சொல்வதில்லை. பெட்டியின் பின்னால் கையை வைக்கிறாள், தகரம் சுடுகிறது. அந்நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்காகத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. சிவகிரி பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. சுவர்க் கடிகாரம் கேட்கிறது. செல்லச்சாமி எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது. பெட்டிக்குள் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.