கஸ்தூரி கூப்பிடவில்லை

"கஸ்தூரி இன்னும் கூப்பிடுறாங்களா அங்கிள்?"

பிரேமலா கேள்வியை வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாள். செத்துப்போனவளின் பெயரை எழுதும்போது மட்டும் பேனா ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகர்ந்தது.

"பேய் பேர எழுதவே பயமா மிஸ்?" என்று சக்கர நாற்காலியிலிருந்து ரூபேந்திரன் சீண்டினான். பக்கத்தில் ஊன்றுகோலோடு இருந்த ஷாமளா, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சபாபதி பலகையைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"இல்லம்மா. போன வாரத்தோட நின்னுபோச்சு."

சிம்பாங் ரெங்கம் ஊரில் சனிக்கிழமைதோறும் பிரேமலா நடத்தும் மாற்றுத்திறனாளிகள் ஆலோசனைக் குழு அது. சபாபதியின் சாப்பாட்டுக் கடையில் கேஸ் சிலிண்டர் வெடித்தபோது மனைவி கஸ்தூரி அங்கேயே போய்விட்டாள். அவருக்கும் சேதம்தான், கண்ணுக்குத் தெரிவது இல்லாமல்போன இடது கால் மட்டும்.

அதிலிருந்து தினமும் விடியற்காலையில் "ஏங்க, எந்திரிங்க, கடைய தொறக்கணும்" என்று தலைமாட்டில் அவள் குரல். அவர் சொன்ன அன்று எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பிரேமலாதான் விடாப்பிடியாக அவரை டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தாள்.

"அலமாக், போய்ட்டாங்களா! நல்லதுலா அங்கிள்!"

ரூபேந்திரன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். எல்லோரும் அப்படியே ஆட்டினார்கள். பேயையே விரட்டியவளுக்குப் பெருமை இருக்காதா? பிரேமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலையும் முன் ஒரு வழக்கம் உண்டு. வாரம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவரும் பத்துக்கு இத்தனை என விரல்களில் காட்ட வேண்டும். யாருக்கு எந்த உதவியைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை அதை வைத்துத்தான் பிரேமலா முடிவு செய்வாள்.

ரூபேந்திரன் ஏழு காட்டினான். ஷாமளா ஆறு. சபாபதி எப்போதும் எட்டுக்குக் குறைந்ததில்லை, அந்தக் குரல் வந்துகொண்டிருந்த நாட்களில்கூட.

இன்று அவர் இரண்டு கைகளையும் இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

பிரேமலா பதறிப்போய் எழுதினாள். "குரல்தான் நின்னுடுச்சே! அப்புறம் ஏன் அங்கிள்?"

பெரிய மனிதர், குழந்தையைப் போல் விம்மினார்.

"மருந்து வேணாம்மா... வெடிச்ச அன்னிக்கே ரெண்டு காதும் போச்சு, எனக்குக் கேட்ட ஒரே சத்தம் அவ குரல்தான்."