ஐந்தாம் வேற்றுமை

மனிதகுலத்தின் விடிவெள்ளி கரப்பான்பூச்சியின் மூளைக்குள் இருக்கிறது.

அழைப்பிதழில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. எழுதியவர் அந்த ஆய்வகத்துப் பேராசிரியர்தான்.

விடிவெள்ளிகள் அத்தனையும் கண்ணாடிப் பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தன. ஒன்றின் கால் மட்டும் கணக்குப் போடுவதுபோல் அசைந்தது.

பிறகு அதுவும் நின்றது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். துணைவேந்தரும் கூட்டமும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

அறைக்கு ஒரே கதவு. ஜன்னலில் கம்பி.

பேராசிரியர் மூடியைத் திறந்து ஒரு கரப்பானை விரலால் நிமிர்த்தினார். அது மரியாதையாகச் சாய்ந்து விழுந்தது.

எந்த மருந்துக்கும் மசியாத ஆஸ்பத்திரிக் கிருமி அந்த மூளைச்சாற்றில் செத்தது உண்மை. கிருமி வளர்த்த தட்டில் வட்டமாகத் தெளிந்த இடத்தை அவர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒருமுறை. மறுமுறை செய்து காட்டத்தான் இந்த வளர்ப்பெல்லாம்.

எதிர் அறையில் பேராசிரியை எஸ்தர் ராஜம், சாக்கடைத் தண்ணீரிலிருந்து கிருமியைத் தின்னும் வைரஸ்களைப் பிரித்து வைத்திருந்தார். அங்கே தினமும் கிருமி செத்துக்கொண்டிருந்தது.

இரண்டு ஆய்வகத்தில் ஒன்றுதான் இருக்கும். எது என்று துணைவேந்தர் இன்று நேரில் பார்த்துச் சொல்லப் போகிறார்.

எல்லாம் பெயர்ப்பலகையால் வந்த வினை.

தமிழில் பெயர் வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தபோது எஸ்தர் ‘கிருமியுண்ணி ஆய்வகம்’ என்று எழுதினார். மாட்டு உண்ணியாக்கும் என்று யாரும் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. பேராசிரியரோ ‘பூச்சி மருந்து ஆய்வகம்’ என்று வைத்தார். பூச்சியிலிருந்து எடுக்கும் மருந்து. ஐந்தாம் வேற்றுமைத் தொகை. இதைத் தமிழ்த்துறைக்கே போய் அரைமணி நேரம் விளக்கிவிட்டும் வந்தார்.

துப்புரவு வேலை பார்க்கும் செல்லக்கனிக்கு அது நான்காம் வேற்றுமை. பூச்சிக்கு மருந்து. சற்றுமுன் யார் செய்தது என்று கேட்டதற்கு, நல்ல காரியம் செய்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

“வெளிய பூச்சி மருந்துன்னு எழுதிப் போட்டுட்டு உள்ள இம்புட்டுக் கரப்பான் மேஞ்சா, வாரவுக காறித் துப்ப மாட்டாவளா சார்? நாந்தான் மூடியத் தொறந்து மருந்த நல்லா அடிச்சு விட்டேன்.”

கதவு திறந்தது.

சந்தன மாலை. சால்வை. கேமரா.

பேராசிரியர் வாயெடுத்தார். முதல் வார்த்தை ‘மன்னிக்கவும்’ என்று தயாராக இருந்தது.

துணைவேந்தர் பெட்டிக்குள் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஒண்ணுகூடத் தப்பலையே. என்னமா வேலை செய்யுது உங்க மருந்து.”

கைதட்டினார்கள்.

ஐயா, இது ஐந்தாம் வேற்றுமை. அதைச் சொல்ல நாக்கு புரண்டது. சால்வை தோளில் விழுந்தது. நாக்கு படுத்துக்கொண்டது.

கூட்டத்தின் கடைசியில் எஸ்தர் நின்றிருந்தார். கையில் மூடிய கண்ணாடித் தட்டு. கைதட்டவில்லை. பேராசிரியர் எப்போது வாயைத் திறப்பார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் கேமராவைப் பார்த்தார்.

இந்த ஆய்வகம் இருக்கட்டும் என்றார் துணைவேந்தர். எதிர் அறையை உடைந்த நாற்காலி போட எடுத்துக்கொள்ளும்படி பதிவாளரிடம் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வீட்டு அடுக்களையிலும் கரப்பான் தொல்லை தாங்கவில்லை, இந்த மருந்தில் ரெண்டு பாட்டில் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டார்.

எஸ்தர் இன்னும் போகவில்லை.

பேராசிரியர் சரியென்று தலையை ஆட்டினார்.

சாயங்காலம் பஸ் நிலையத்துக் கடையில் இரண்டு பாட்டில் பூச்சி மருந்து வாங்கினார்.

வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தார்.